கல்லுக்கும் புல்லுக்கும் ஒரு தகடு

போன ஆகஸ்டில் ஆஸ்திரேலியப் பாலைவனத்தின் கேனிங் தடத்தில் நடந்ததற்குப் பிறகு என் அண்ணன் நெவில் வண்டிக்கு அடியிலேயே குடியிருந்தான். வேலை முடிந்து வந்ததும் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்துவிடுவான். எண்ணெய்த் தொட்டி, கியர் பாக்ஸ், டீசல் டாங்க் என்று ஒவ்வொன்றாக விரலால் தட்டிப் பார்ப்பான். வெளியே வரும்போது முகத்தில் கவலை அப்பியிருக்கும்.

நடந்தது இதுதான். நெவில், நான், எங்கள் தம்பி ராஸ் மூவரும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து கிளம்பிப் போயிருந்தோம். ஒரு மணல்மேட்டைத் தாண்டி இறங்கும்போது, புல்லுக்குள் மறைந்து கிடந்த பாறை வண்டியின் வயிற்றைக் கிழித்துவிட்டது. என்ன ஆயிற்று என்று பார்க்க ராஸ்தான் முதலில் கீழே போனான். கியர் பாக்ஸிலிருந்து கொதிக்கும் எண்ணெய் அவன் தோளிலும் கழுத்திலும் கொட்டியது. செயற்கைக்கோள் ஃபோனில் டாக்டர் விமானத்தைக் கூப்பிட்டோம். ஆனால் விமானம் இறங்கக்கூடிய இடம் வெகுதூரத்தில் இருந்தது. எங்கள் வண்டியோ நகராது. பின்னால் வந்த ஒரு குழு எங்களைக் கண்டு ஏற்றிக்கொள்வதற்குள் புண் சீழ் பிடித்து, காய்ச்சலில் ராஸ் என்னை அம்மா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தான்.

பிழைத்துவிட்டான். வண்டியையும் பின்னர் இழுத்து வந்து பழுது பார்த்தோம். ராஸ் பிழைத்ததோடு நிற்கவில்லை. மறு வருஷம் வெயில் தணிந்ததும், எங்கள் வீட்டுக் கொல்லையில் இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தபோது, "பாதியில விட்டதை முடிச்சாகணும். எப்பப் போறோம்?" என்றான்.

நெவில் கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தான். "முதல்ல அடியில தகடு போடணும். அது இல்லாம வண்டி நகராது."

"போடு. யார் வேணாம்னா?"

அப்படித்தான் தகடு தேடும் படலம் தொடங்கியது. நெவில் ஊரில் இருக்கிற எல்லாக் கடைகளுக்கும் போனான். இரும்புத் தகடு பலமானது, பாறையில் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் கனத்தில் முன்பக்கம் அமுங்கும், மணலில் புதையும். அலுமினியம் இலேசு, ஆனால் பாறையில் உரசினால் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். ஒரு நாள் இரும்பு என்பான், மறுநாள் அலுமினியம் என்பான். கடைக்கு ஃபோன் செய்து ஆர்டர் கொடுப்பான், இரண்டு நாளில் அவனே ரத்து செய்வான். சாப்பாட்டு மேஜையில் உப்புப் புட்டியைப் பாறையாகவும் தட்டை வண்டியாகவும் வைத்து எனக்கு விளக்குவான். நான் தலையாட்டுவேன். அவனுக்குத் தூக்கம் குறைந்துகொண்டே வந்தது எனக்குத் தெரியும்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை ராஸ் அவனை இழுத்துக்கொண்டு ஹெக்டர் என்பவரின் கடைக்குப் போனான். நானும் கூடப் போனேன். சுவரோரம் தகடுகள் வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. நெவில் நேராகப் போய், முன் பம்பரிலிருந்து பின் அச்சுவரை ஓர் ஓட்டைகூட இல்லாமல் மூடுகிற இரும்புத் தொகுதியின் மேல் கை வைத்தான்.

"இது போதுமா," என்றான் ராஸ், "இல்ல மேல ஒரு பீரங்கியும் வச்சுக்கலாமா?"

நெவில் சிரிக்கவில்லை. எனக்கு வேறு பயம் வந்தது. போன தடவை வழியில் எரிந்துபோன ஒரு வண்டியைப் பார்த்திருந்தோம். இருக்கையின் ஸ்பிரிங்குகள் மட்டும் மிச்சம்.

"ஹெக்டர், இவ்வளவு மூடினா உள்ள புல்லு சேராதா?" என்று கேட்டேன்.

"சேரும்," என்றார் அவர். "அந்தத் தடத்துல நடுவுல வளர்ந்திருக்கே ஸ்பினிஃபெக்ஸ் புல்லு, அது காய்ஞ்சு போய் பெட்ரோல் மாதிரி. தகட்டுக்கு மேல அடைஞ்சு, சைலன்சர் சூட்டுல பத்திக்கும். இதை வாங்கினா நிக்கிற இடமெல்லாம் கழட்டிச் சுத்தம் பண்ணணும். நான் விக்க மாட்டேன்னு சொல்லல. தெரிஞ்சுக்கிட்டு வாங்குங்க."

நெவில் தகட்டிலிருந்து கையை எடுத்தான். "மூடினா தீ. மூடலேன்னா கல்லு," என்று முணுமுணுத்தான். "இன்னும் கொஞ்சம் யோசிக்கணும். அடுத்த வாரம் வரலாம்."

ராஸ் கதவை மறித்து நின்றான். "அடுத்த வாரம் வேற ஒண்ணு சொல்லுவே. அதுக்கடுத்த வாரம் இன்னொண்ணு. அதுக்குள்ள கோடை வந்துரும். நீ தகடா தேடுற? போகாம இருக்கக் காரணம் தேடுற, நெவ். அதை என் மூஞ்சிக்கு நேரா சொல்லு."

ஹெக்டர் நாசூக்காக உள்ளே போய்விட்டார்.

"உன் தோல் சட்டையோட ஒட்டிக்கிட்டு வந்துச்சு," என்றான் நெவில். "அதை உரிச்செடுத்தது நான். நீ மயங்கிட்டே, உனக்குத் தெரியாது. நான் முழிச்சுக்கிட்டு இருந்தேன்."

ராஸ் கதவை விட்டு விலகி வந்தான். பிறகு குரலைத் தணித்து, "சரி. பயம்னு ஒத்துக்கிட்டே. இப்ப எனக்காக ஒரு தகடு எடு. எது வேணா எடு. ஆனா இன்னைக்கு எடு," என்றான்.

நெவில் தகடுகளை ஒவ்வொன்றாக விரலால் தட்டிக்கொண்டே வரிசையின் கடைசிவரை போனான். பிறகு ஹெக்டரைக் கூப்பிட்டான். எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் இரும்பு. கையை உள்ளே விட்டுப் புல்லை எடுக்கும்படி பெரிய திறப்பு வெட்டியது. டீசல் டாங்குக்குத் தனியாக ஒன்று. சைலன்சர் குழாய்ப் பக்கம் ஒன்றும் மூட வேண்டாம்.

ஜூலையில் கிளம்பினோம். நெவில் ஓட்டினான். அடியில் டங்கென்று சத்தம் கேட்கும்போதெல்லாம் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்ப்பான். தகட்டில் கீறல் மட்டும் இருக்கும். நின்ற இடமெல்லாம் வளைந்த கம்பியை விட்டுப் புல்லை இழுத்துப் போடுவான். ராஸை மட்டும் கீழே போக விடவில்லை.

ஒரு பிற்பகல், புல்லை எடுத்துவிட்டுப் புறப்பட்டுக் கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். பின்னிருக்கையில் இருந்த எனக்குக் கருகல் வாசனை அடித்தது.

"நெவ், நிறுத்து."

இறங்குவதற்குள் வண்டியின் அடியிலிருந்து புகை சுருண்டு வந்தது. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் அதே காய்ந்த புல். நெவில் கம்பியோடு ஒரு பக்கம் நுழைந்தான். ராஸ் தண்ணீர் நிரப்பி வைத்திருந்த, செடிக்கு மருந்தடிக்கிற கைப்பம்பைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் படுத்தான்.

"நீ வராதே. தள்ளிப் போ."

"கம்பியப் பாரு."

"போன்னு சொல்றேன்ல, ராஸ்."

"பேசாம இழு நெவ், நான் அடிக்கிறேன்."

நான் நனைத்த கோணிச் சாக்கோடு நின்றேன். திறப்பு வழியாகச் சிவந்த புல் உருண்டைகள் விழுந்தன. உருண்டு வந்த ஒன்று தடத்தோரப் புல்லைத் தொட்டு, குப்பென்று எழுந்தது. சாக்கால் அடித்தேன், மிதித்தேன், மறுபடி அடித்தேன். கால்சட்டை விளிம்பு கருகியது பிறகுதான் தெரிந்தது. கீழே பம்பின் சத்தமும் ஆவி சீறும் சத்தமும் மட்டும் கேட்டன. இருவரில் ஒருவர்கூடப் பேசவில்லை. அந்த மௌனம்தான் என்னை உலுக்கியது.

"நெவ்? ராஸ்?"

"இருக்கோம்," என்றது ராஸின் குரல். "முடிஞ்சிருச்சு அக்கா."

கரி பூசிய முகங்களோடு இருவரும் வெளியே வந்தார்கள். நெவில் தம்பியின் சட்டைக் காலரை விலக்கி, பழைய தழும்பைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தான். புதிதாக ஒன்றும் இல்லை. பிறகு சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தான். ராஸ் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினான்.

"அந்தப் பெரிய இரும்பை வாங்கியிருந்தா?" என்றான் நெவில்.

"வாங்கல இல்ல. குடி."

மீதித் தூரத்தை ராஸ் ஓட்டினான். டங்கென்று சத்தம் கேட்டபோது நெவில் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தான். நிறுத்தச் சொல்லவில்லை.

தடம் முடிகிற ஹால்ஸ் கிரீக்கில் பெட்ரோல் பங்க் வாசலில், மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட சூடான பை வாங்கி நின்றபடியே தின்றோம். ராஸ் வாய் நிறைய மென்றுகொண்டே அடுத்த வருஷம் போக வேண்டிய இன்னொரு தடத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான்.

"நான் வரல," என்றான் நெவில். "பயமா இருக்கு. எனக்கு இது போதும்."

ராஸ் அவனைப் பார்த்தான். ஏதோ கிண்டல் நாக்கு நுனிவரை வந்தது எனக்குத் தெரிந்தது.

"சரி," என்றான். "அப்ப வண்டியைக் குடு."

நெவில் கையிலிருந்த கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டான். "யோசிக்கணும்," என்றான்.