சிவப்புக் கோட்டுக்கு அரை விரல் பின்னால்

"இதனால் சகல ஜனங்களுக்கும் அறிவிப்பது யாதெனில், நமது தோட்டம் இன்று முதல் ஆகாயத்திலிருந்தும் நிர்வகிக்கப்படும்!"

அவசரகாலத்தின் மூன்றாம் வருடம். காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு முடித்ததும் பெல்டன் துரை இப்படி வாசித்தார். குருணுக்குக் கிழக்கே, காட்டை ஒட்டிய தோட்டம். ரோட்டில் போனால் காட்டிலிருந்து கம்யூனிஸ்டுகள் சுடுகிறார்கள் என்று கம்பெனி அவருக்கு இரண்டு எஞ்சின் வைத்த சின்ன விமானம் ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தது. ரப்பர் மில்லில் எஞ்சின் ஓட்டிக்கொண்டிருந்த ராமையாவுக்கு 'தலைமை ஆகாய இயந்திர நிபுணர்' என்று பட்டம் கிடைத்தது. மில் எஞ்சினையும் அவனே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது பட்டத்தின் கடைசி வரி.

துரைக்கு எதுவும் வரிசையில் நிற்க வேண்டும்: ஆட்கள், பால் வாளிகள், பங்களாப் பூந்தொட்டிகள். விமானத்தில் எஞ்சினுக்கு ஒன்றாக இரண்டு வேகப் பிடிகள். பால்மரப் பட்டையில் இந்த மாதம் இதுவரை சீவலாம் என்று சாயக் குறி போடுவார்களே, அதே வழக்கப்படி அந்தப் பிடிகளின் ஓரத்திலும் ஒரு சிவப்புக் கோடு போடச் சொன்னார். இரண்டு பிடியும் கோட்டில் நின்றால் ஒழுங்கு.

"வலது எஞ்சின் பிடிக் கம்பி நீண்டு போச்சு தொரே. ரெண்டையும் கோட்டுல வச்சா வலது ஜாஸ்தி சுத்தும், பெட்ரோல் மின்யாக்கும் ஜாஸ்தி குடிக்கும்" என்று ராமையா சொல்லிப் பார்த்தான். "கோடு பொய் பேசாது!" என்று துரை தோட்டத் தமிழில் அடித்துச் சொல்லிவிட்டார். புதுக் கம்பி சிங்கப்பூரிலிருந்து வந்துகொண்டே இருந்தது.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் மருதம்மாளுக்கு வலி கண்டது. அவள் ராமையாவின் மனைவி. போன வருடம் முதல் பிள்ளை, ரோட்டுத் தடுப்பில் லாரி நின்ற மூன்று மணி நேரத்தில் போய்விட்டது. இன்றைக்கும் ரோடு மூடல். ராமையா பங்களா வாசலில் நின்றான். துரை அவன் முகத்தைப் பார்த்தார், தொப்பியை எடுத்தார்.

"ஏறு" என்றார்.

மருத்துவச்சி பரஞ்சோதி மட்டும், "பூமியில எங்க வேணா வரேன், மேல வரமாட்டேன்" என்று மரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

துரைக்கு இறங்க அனுமதி இருந்தது ஆஸ்பத்திரி இருக்கும் அலோர் ஸ்டாரில் மட்டும். செவ்வாய்க்கிழமை பெரிய மனிதர் ஒருவருக்காகச் சுங்கை பட்டாணி மேல் மூன்று சுற்று சுற்றிக் காட்டியதில் பாதிப் பெட்ரோல் ஆவியாகிவிட்டது. புது டிரம் இன்னும் வரவில்லை. துரையே ஓட்டினார்; மேலே ஏறிய பிறகு பார்த்தால், நேர் வழியில் கறுகறுவென்று மழை. மெர்போக் பக்கம் திரும்பி, கடலோரமாகச் சுற்றித்தான் போக வேண்டும். வலது டாங்கின் பெட்ரோல் முள் சரசரவென்று சரிந்தது.

இரண்டு எஞ்சினும் ஒத்துப் போகாமல் 'ஊம், ஊம்' என்று விட்டுவிட்டு அதிர்ந்தன.

"இந்தாங்க!" பின்னாலிருந்து மருதம்மாள் கத்தினாள். "அந்த ஊம் என் வயித்துக்குள்ள இடிக்குது. நிறுத்தச் சொல்லுங்க லா!"

"தொரே, வலது பிடிய கோட்டுக்குப் பின்னால இழுங்க."

"கோடு..."

"கோட்ட நான்தான் தொரே போட்டேன். அதுக்கு ஒண்ணும் தெரியாது."

துரை பிடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் ராமையாவுக்குக் கோபம் போய்விட்டது. தானே பிடியை மெல்ல இழுத்தான்.

"இப்ப எப்படி புள்ள?"

"இடிக்குது. ஆனா மெதுவா."

இன்னும் கொஞ்சம்.

"இப்ப?"

"ஐயோ, ஜாஸ்தி! கொஞ்சம் முன்னால... ஆங். நின்னுடுச்சு. தொடாதீங்க!"

வலது பிடி கோட்டுக்கு அரை விரல் பின்னால் நின்றது. பிறகு ராமையா இரண்டையும் சேர்த்தே குறைத்தான். "மெதுவா போனா தூரம் போலாம் தொரே." பெட்ரோல் கலவைப் பிடிகளையும் ஒவ்வொன்றாகப் பின்னுக்கு இழுத்தான்; எஞ்சின் இருமியதும் ஒரு நூல் முன்னே தள்ளினான். மில்லில் தினமும் செய்கிற வேலைதான். கீழே கடல் இருந்தது மட்டும் வித்தியாசம்.

முள் நிதானப்பட்டது. துரை தன் மேல்கோட்டைக் கழற்றி, தலைக்கு வைத்துக்கொள்ளும்படி பின்னால் நீட்டினார்.

"தொர கோட்டு நாறுது" என்றாள் மருதம்மாள். ஆனாலும் வைத்துக்கொண்டாள்.

அலோர் ஸ்டாரில் இறங்கியபோது வலது டாங்கில் ஒரு வாளி இருந்தால் அதிகம். துரை இறங்கி நின்று ராமையாவின் கையைக் குலுக்கினார். கொஞ்ச நேரம் விடவில்லை. ராமையா அழுதுகொண்டிருந்தான். அன்றைக்கே லண்டனுக்குத் தந்தி போனது: தோட்ட விமானம் ஒரு தாயையும் சேயையும் மீட்டது, பறப்பு முழுவதும் கோட்டின்படி நடந்தது.

டாக்டர் பார்த்துவிட்டு, அது பிரசவ வலி இல்லை, வெறும் சூட்டு வலி என்றார். பிள்ளை பதினோரு நாள் கழித்து, ரோடு திறந்து அவர்கள் பஸ்ஸில் திரும்பி வந்த பிறகு, லயத்து வீட்டில் பரஞ்சோதி கையில் பிறந்தது.