லிட்டருக்கு எத்தனை

மருந்துக்கடைக்காரர் ஹைபிரிட் கார் வாங்கியதிலிருந்து அந்தத் தெருவில் யாரும் அவரிடம் சௌக்கியமா என்று கேட்பதில்லை. "லிட்டருக்கு எத்தனை சார்?" என்றுதான் கேட்பார்கள். கேட்பதில் பாதி கேலி இருக்கும். அது அவருக்குத் தெரியும், பொருட்படுத்தமாட்டார். கையிலிருக்கும் பையைக் கீழே வைத்துவிட்டு, நின்று, விளக்கமாகப் பதில் சொல்வார்.

விளம்பரத்தில் லிட்டருக்கு இருபத்தெட்டு கிலோமீட்டர் என்று போட்டிருந்தார்கள். சிக்னலும் மேடும் குழியும் இல்லாத ஏதோ தேவலோகத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதிய கணக்கு அது என்பது அவர் கட்சி. நிஜமான சாலையில் பத்தொன்பது வந்தாலே பெரிய விஷயம் என்று அதே கார் வைத்திருந்த மற்றவர்கள் புலம்பிக்கொண்டிருந்தபோது, இவர் இருபத்து நாலு எடுத்தார். அதற்காக அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. தூரத்தில் சிவப்பு விளக்கு தெரியும்போதே பெடலிலிருந்து காலை எடுத்துவிடுவார். வண்டி தானாக வேகம் குறைந்து, அந்த வேகத்தை பேட்டரியில் சேர்த்துக்கொள்ளும். கிளம்பும்போது, தூங்குகிற குழந்தையின் வயிற்றில் கை வைப்பது போல மிதிப்பார். பின்னால் வருகிறவர்கள் ஹாரனிலேயே அவருடைய வம்சத்தைத் திட்டுவார்கள். உள்ளே மனைவி புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருப்பாள். ஏசி போட்டால் கணக்கில் ஒன்றரை குறைந்துவிடும்.

காரின் திரையில் ஒரு சராசரி ஓடிக்கொண்டிருக்கும். அதை அவர் சீந்துவதில்லை. "அது தன் பெருமையத் தானே பேசிக்கும். டாங்க் வழிய நிரப்பு, ஓட்டு, மறுபடி வழிய நிரப்பு, வகுத்துப் பாரு. அதான் நிஜம்" என்பார்.

கடை வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அதனால் வார நாட்களில் கார் பெரும்பாலும் வீட்டோடு ஒட்டிய கொட்டகையில்தான் நிற்கும். மூன்று பக்கம் சுவர், தெருவைப் பார்த்த பக்கம் கம்பிக் கதவு. மொத்த வியாபாரிகளிடம் சரக்கு எடுக்கப் போவதும், அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதும்தான் அதற்கு வேலை.

அப்பாவுக்கு ஒரு பக்கம் விழுந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கை, கால் போனது, குரல் போகவில்லை. மருமகள் கண்ணில் படாமல் போனால் உடனே "அம்மாடி" என்று ஆரம்பித்துவிடுவார். தண்ணீர் கேட்பதற்கும் அதே அம்மாடி, படுக்கை நனைந்துவிட்டதற்கும் அதே அம்மாடி, ஒன்றுமே இல்லாததற்கும் அதே அம்மாடி. அந்தக் குரல் காதில் விழவேண்டும் என்பதற்காக வீட்டின் உள்கதவுகள் எதையும் சாத்தக்கூடாது என்று மருந்துக்கடைக்காரர் ஒரு வழக்கமே ஏற்படுத்தியிருந்தார். ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று மனைவி ஒருமுறை சொன்னபோது, "வெளியாள் கைல அப்பாவ விடவா?" என்று கேட்டார். அவள் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வெயில் காலத்தின் தொடக்கத்தில் கணக்கு இருபத்து நாலிலிருந்து இருபத்தொன்றாக இறங்கியது. டயரில் காற்று குறைந்திருக்கும் என்று நினைத்தார். காற்று சரியாக இருந்தது. அடுத்த முறை பதினெட்டு. பெட்ரோல் பங்க்கை மாற்றிப் பார்த்தார். பதினைந்து வந்தது. சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனார். அங்கே ஒரு நாள் முழுக்க வைத்திருந்துவிட்டு, வண்டியில் எந்தக் குறையும் இல்லை என்று கழுவித் துடைத்துக் கொடுத்தார்கள்.

"நீங்க ஓட்டுறதுல ஏதாவது மாறியிருக்கா சார்?" என்று அங்கிருந்தவர் கேட்டார்.

அதைவிட அவரைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. தெருவில் யாராவது லிட்டர் கணக்கு கேட்டால், "அவசரமா போறேன்" என்று நழுவ ஆரம்பித்தார். வண்டியிலும் குறையில்லை, ஓட்டுவதிலும் குறையில்லை என்றால் பெட்ரோலை எவனோ எடுக்கிறான் என்றுதானே அர்த்தம்? எவன்?

கார் கழுவுகிறவர் அந்தத் தெருவில் பத்துப் பன்னிரண்டு வண்டிகளுக்கு வாடிக்கை. காலையில் வாளியும் துணியுமாக வருவார். கம்பிக் கதவு திறந்து கொட்டகைக்குள் தனியாக இருக்கிற ஒரே ஆள் அவர்தான். ஒரு நாள் காலையில் மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தபோது, வாளிக்குள் சுருட்டி வைத்திருந்த ஒரு ரப்பர் குழாய் கண்ணில் பட்டது.

"இது என்ன?"

"குழாய் சார்."

"குழாய்னு தெரியுது. எதுக்கு?"

"தண்ணி பிடிக்கத்தான். டீச்சரம்மா வீட்டுக் குழாய் உயரத்துல இருக்கு, வாளி எட்டாது."

"தண்ணி பிடிக்கவா, பெட்ரோல் உறிஞ்சவா?"

அவர் முதலில் சிரித்துவிட்டார், விளையாட்டு என்று நினைத்து. மருந்துக்கடைக்காரரின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "சார், மோந்து பாருங்க சார்" என்று குழாயை நீட்டினார். மருந்துக்கடைக்காரர் அதைத் தட்டிவிட்டார். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தில் தலைகள் தெரிந்தன. பக்கத்து வீட்டு டீச்சர் வாசலுக்கே வந்துவிட்டார். எல்லார் முன்னாலும் அந்த மனிதர் சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினார், அதில் என்ன பெட்ரோலா இருக்கப்போகிறது.

மனைவி உள்வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "என்னங்க, விடுங்க. அவர் அப்படிப்பட்டவர் இல்ல" என்றாள்.

"உனக்கு என்ன தெரியும்? நீ உள்ள போ."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். உள்ளேயிருந்து "அம்மாடி" என்று குரல் வந்தது. போய்விட்டாள்.

கார் கழுவுகிறவர் அன்றோடு அந்த வீட்டுக்கு நின்றார். அந்த வாரத்துக்குள் தெருவில் பாதிப் பேர் அவரை நிறுத்திவிட்டார்கள். யாரும் அவரைத் திருடன் என்று நம்பியதாகச் சொல்லவில்லை. எதற்கு வம்பு என்று மட்டும் சொன்னார்கள்.

மருந்துக்கடைக்காரர் அதோடு விடவில்லை. கம்பிக் கதவைக் கழற்றிவிட்டு, தரைவரை இறங்கும் இரும்பு ஷட்டர் போட்டார். இடுக்கில் காற்று கூட நுழையாதபடி அடியில் ரப்பர் பட்டை வைத்துத் தந்த மெக்கானிக்கைப் பாராட்டினார். உள்பக்கம் இரண்டு தாழ்ப்பாள். அடுத்த முறை டாங்க்கை நிரப்பிக் கணக்குப் பார்த்தபோது இருபத்து மூன்று வந்தது. அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டுமே! பெட்ரோல் பங்க்கிலிருந்தே மனைவிக்குப் போன் செய்தார்.

"பார்த்தியா? ஷட்டர் போட்டதும் ஏறிடுச்சு. அப்பவே சொன்னேன்ல, திருட்டுதான்னு."

"சரிங்க" என்றாள் அவள்.

அடுத்த மாதம் அப்பாவுக்கு முதுகில் படுக்கைப் புண் வந்தது. வலியில் அவர் தூங்குவதை விட்டுவிட்டார். கூப்பிடுவது ஓயவே இல்லை. மருந்துக்கடைக்காரர் கடையிலிருந்து நல்ல களிம்பாகப் பார்த்து எடுத்து வந்து கொடுத்தார். புண்ணைத் துடைத்து, களிம்பு போட்டு, புரட்டிப் படுக்கவைத்தது அவள்தான்.

ஒரு நாள் மதியம் கடையில் கூட்டமாக இருந்த நேரத்தில் டீச்சரிடமிருந்து போன் வந்தது.

"உங்கப்பா ரொம்ப நேரமா கத்திக்கிட்டே இருக்கார். நான் வந்து பார்த்தேன், உங்க வீட்டம்மாவ எங்கயும் காணோம். வாசக்கதவு திறந்து கிடக்கு. கொஞ்சம் வாங்க."

எரிச்சலோடுதான் கிளம்பினார். சொல்லாமல் எங்கே போனாள் என்று திட்டிக்கொண்டே நடந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் அடுப்படி, பின்கட்டு, மாடி என்று பார்த்தார். செருப்பு வாசலில் கிடந்தது. டீச்சர் அப்பாவின் வாயில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவருக்கு நடையிலிருந்து கொட்டகைக்குப் போகும் கதவு சாத்தியிருப்பது தெரிந்தது. அந்த வீட்டில் சாத்தியிருந்த ஒரே உள்கதவு. அதன் மறுபக்கத்திலிருந்து மெல்லிய உறுமல் கேட்டது.

கதவைத் திறந்ததும் வெப்பமும் புகையும் முகத்தில் அடித்தன. ஷட்டர் தரைவரை இறங்கியிருந்தது. காரின் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் சீட்டைப் பின்னால் சாய்த்து, ஒருக்களித்து, கன்னத்துக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு அவள் படுத்திருந்தாள். ஏசி முழு வேகத்தில் வீசிக்கொண்டிருந்தது.

மருந்து விற்கிறவர், அது விஷப்புகை என்று அவருக்கு உடனே தெரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடித் தாழ்ப்பாள்களை நீக்கி ஷட்டரை ஏற்றினார். அவளைத் தெருவுக்கு இழுத்து வந்து போட்டார். முகம் நல்ல சிவப்பாக, ஆரோக்கியமாக இருப்பது போல் இருந்தது. அந்தப் புகை ரத்தத்தில் ஏறினால் முகம் அப்படித்தான் சிவக்கும் என்று அவருக்குத் தெரியும். டீச்சர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். வீட்டுக்குள் அப்பா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எல்லாம் ஒவ்வொன்றாக அவருக்குப் புரிந்தது. அப்பாவை ஏற்றுவதற்கு முன்னால் வண்டியைக் குளிர வைப்பதற்காக, பிரேக்கை மிதித்து பட்டனை அழுத்து என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். அழுத்தினால் சத்தம் வராது. பேட்டரி இறங்கினால் என்ஜின் தானாக எழும்பும், ஏறியதும் தானாக அணையும். நின்ற இடத்திலேயே பெட்ரோல் எரியும். தூரம் ஒரு அடி கூட ஏறாது. முன்பு கம்பிக் கதவு இருந்தது, காற்று போய் வந்தது. ஷட்டர் போட்டதும் கணக்கு ஏறியது, அன்றைய ரகளைக்குப் பயந்து அவள் கொஞ்ச நாள் அங்கே தூங்கப் போகாமலிருந்ததால்தான்.

இன்னொன்றும் புரிந்தது. டாங்க்கிலிருந்து எவனாவது உறிஞ்சி எடுத்திருந்தால் காரின் திரைக்கு அது தெரிந்திருக்காது. திரையில் சராசரி குறையவே குறையாது. என்ஜினில் எரிந்த பெட்ரோலுக்கு மட்டும்தான் அது கணக்கு வைக்கும். பத்தொன்பது, பதினாறு என்று அது மாதக்கணக்கில் அவர் கண்முன்னால் காட்டிக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் அவள் பேசினாள். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து, "ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? ஏன் அங்க போய்…" என்றார்.

"அங்க கதவு சாத்தலாம்" என்றாள்.

அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கார் கழுவுறவர்கிட்ட சொல்லிடுங்க. நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொன்னா சாவிய ஒளிச்சு வச்சிடுவீங்கன்னு பயம்" என்றாள். சொல்லும்போது குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குத் தாங்கிக்கொள்ள எளிதாக இருந்திருக்கும்.

பிழைத்துவிட்டாள், வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று எல்லாரும் ஆறுதலாக மூச்சுவிட்டார்கள். இரண்டு வாரம் நன்றாகவே இருந்தாள். அப்புறம் ஒரு காலை, கையிலிருக்கும் டம்ளரை எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் அடுப்படியில் நின்றாள். நடை தள்ளாட ஆரம்பித்தது. டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இந்த விஷப்புகைல இப்படி ஒரு தொந்தரவு உண்டு. முதல்ல நல்லாயிட்ட மாதிரி இருக்கும், அப்புறம் மூளைல தெரியும். கொஞ்சம் கொஞ்சமா தேறலாம். எவ்வளவுன்னு சொல்ல முடியாது" என்றார்.

வெளியாட்கள் வந்தார்கள். அப்பாவுக்கு ஒருவர், அவளுக்கு ஒருவர். மருந்துக்கடைக்காரர் காரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். வாங்க வந்தவர் மைலேஜ் பற்றிக் கேட்டபோது, "ஓட்டிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கார் கழுவுகிறவரைத் தேடிக் கண்டுபிடிக்க நாளாயிற்று. ஊரின் மறுகோடியில் ஒரு சந்தையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். மருந்துக்கடைக்காரர் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். தெருவில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், திரும்ப வாருங்கள் என்றார்.

"அந்தம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டார் அவர்.

சொன்னார்.

அவர் தோளில் இருந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நல்லவங்க சார். மதியத்துல அந்தப் பக்கம் போகும்போது ஒரு நாள் பார்த்திருக்கேன், வண்டில தூங்கிட்டிருந்தாங்க. பாவம், தூங்கட்டும்னு வந்துட்டேன்."

"அப்ப… அன்னிக்கு ஏன் சொல்லல?"

"எல்லார் முன்னாடியும் ஒரு வீட்டுப் பொம்பளையக் காட்டிக்கொடுக்கச் சொல்றீங்களா சார்?" என்றவர், அடுத்த மூட்டைக்கு முதுகைக் கொடுத்தார். திரும்ப வருவது பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வரவும் இல்லை.

மழைக்காலம் முடிவதற்குள் அப்பா போய்ச் சேர்ந்தார். காரியங்கள் எல்லாம் முடிந்து, வந்தவர்களும் கிளம்பிப் போன பிறகு, ஒரு மதியம் மருந்துக்கடைக்காரர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்து எதிரில் நின்றாள். வார்த்தைகளைத் தேடி எடுத்துக் கோத்துப் பேசவேண்டியிருந்தது அவளுக்கு.

"மாமாவுக்கு… எல்லாம் ஆச்சுங்களா?"

"ஆச்சும்மா."

"அப்ப நான் கொஞ்சம் படுத்துக்கட்டுமா?"

"போய்ப் படும்மா" என்றார். அவள் நகரவில்லை. அவர் எழுந்து போய், கையைப் பிடித்து, அறைக்கு அழைத்துப் போய்ப் படுக்கவைத்தார்.