கண் படாமலிருக்க ஒரு முத்தம்

சோலுத்தேகா நகரில், பிறந்து ஒரு வாரமே ஆன நோயெமியின் மகனைப் பார்க்க அவள் தோழி உபால்தினா வந்தாள்.

"என்ன கண்ணுடி இவனுக்கு!"

"மெச்சிட்டுத் தொடாம போனா கண்ணு பட்டுடும். முத்தம் குடு."

"உதட்டுல சூட்டுக் கொப்புளம்டி."

"அவன் என்ன உன் மாப்பிள்ளையா, அழகு பார்க்க? குடுடி."

உபால்தினா குழந்தையின் இமையில் முத்தமிட்டாள்.

சில நாட்களில் குழந்தை பால் குடிப்பதை நிறுத்தியது. பிறகு வலிப்பு வந்தது. மருத்துவமனையில் ஹெர்ப்பிஸ் வைரஸ் தொற்று என்றார்கள். நோயெமி கணவனை முறைத்தாள்.

"அவர் மேல சந்தேகப்படாதீங்கம்மா," என்றார் மருத்துவர். "உடலுறவால பரவுறது பெரும்பாலும் ரெண்டாவது வகை. இது முதல் வகை. உதட்டுக் கொப்புளத்தோட யாராவது முத்தம் குடுத்தாங்களா?"

"நான்தான் குடுக்கச் சொன்னேன்," என்றாள் நோயெமி. "பிழைச்சுக்குவானா டாக்டர்?"

"மருந்து ஏத்துறோம். ஆனா கிருமி மூளைக்குப் போயிடுச்சும்மா."