பைக்குள் படிந்த ஈரம்

1.

இந்தக் கதையை எழுதச் சொன்னவர் அத்தான். எழுதக் கூடாது என்றவள் அக்கா. அதனால் பாதி எழுதுகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘நிலவு சாயும் நேரத்தில், பூட்டிய அந்த மொட்டைமாடியில் ஒரு’

வேண்டாம். பேய்க்கதை என்று நினைத்துவிடுவீர்கள். பனியிலிருந்து தொடங்குகிறேன்.

2.

அத்தானுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. லீவு நாட்களில் மாடியில் கேமராவை நிறுத்தி வானத்தைப் படமெடுப்பார். இரவில் லென்ஸ் குளிர்ந்து அதன்மேல் பனி படியும். படம் பால் போல் வெளுத்துவிடும். அதைத் தடுக்க, பேட்டரியில் சூடாகும் ஒரு பட்டையை லென்ஸைச் சுற்றிக் கட்டுவார். (இந்தப் பட்டைக்கு ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.)

அன்று நிலவைப் படமெடுத்தார். இரண்டு நொடிக்கு ஒரு படம் விழும்படி வைத்துவிட்டு, மாடிக் கதவைப் பூட்டிக்கொண்டு கீழே வந்து தூங்கினார். விடிந்ததும் போய்ப் பார்த்தார். பட்டை சூடாகத்தான் இருந்தது. தரையில் துளி ஈரமில்லை. ஆனால் மெமரி கார்டை உருவி வந்து படங்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டியபோது, நிலவு மங்கித் தெளிந்தது, மங்கித் தெளிந்தது.

3.

அக்கா நர்ஸ். பிழைக்க மாட்டார்கள் என்று தெரிந்தவர்களை வைத்துப் பார்க்கும் வார்டில் பதினோரு வருடம் வேலை. தலை வாரிக்கொண்டிருந்தவள் சீப்போடு வந்து நின்றாள்.

“மறுபடி ஓட்டுங்க.”

ஓட்டினார்.

“இது பனி இல்லங்க. மூச்சு.”

“கதவு பூட்டியிருந்துச்சே. யாரு மூச்சு?”

“அது தெரியல. ஆழமா வருது, குறையுது, நிக்குது. நிக்கிற நேரம் கூடிக்கிட்டே போகுது பாருங்க. கடைசி நேரத்துல இப்படித்தான் வரும்.”

கடைசி இருபத்தொரு படங்கள் தெளிவாக இருந்தன. அதற்குப் பிறகு படமே இல்லை.

“ஏன் நின்னுடுச்சு?”

“நான்தான் மேல போய் நிறுத்தினேன்.”

“கொஞ்சம் இருந்து பாத்திருக்கலாம்” என்றாள் அக்கா.

[இங்கே அவள் அழுததாக எழுதியிருந்தேன். அழவில்லையாம். “கேமரா எங்க?” என்று கேட்டிருக்கிறாள்.]

4.

குளிர்ந்த கேமராவை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்தால் வியர்த்துக் கொட்டும். ஆகவே மாடியிலேயே அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டித்தான் இறக்குவார். வீட்டு ஈரம் பையின் வெளிப்பக்கத்தோடு நின்றுவிடும்.

அன்று பையின் வெளிப்பக்கம் காய்ந்திருந்தது. உள்பக்கம் மங்கியிருந்தது. அவர்கள் பார்க்கப் பார்க்கத் தெளிந்தது. அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். நாற்பத்தாறு நொடி கழித்து, லென்ஸுக்கு நேராக, உள்ளங்கையளவு மறுபடி மங்கியது.

“முடிச்ச அவுத்துடட்டுமா?”

“அவுத்தா போயிடுமோ என்னவோ” என்றாள். “அவுக்காட்டி திணறுமோ என்னவோ. நீங்க வெளிய இருங்க.”

அத்தான் வெளியே போய்விட்டார். போனதற்காக இன்றுவரை வெட்கப்படுகிறார். அரை மணி கழித்துத் திரும்பியபோது, அக்கா கை கழுவிக்கொண்டிருந்தாள். கேமரா மேசைமேல் இருந்தது. பை நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

“என்ன பண்ணே?”

“வார்டுல பண்றதத்தான்.”

5.

அந்த அரை மணி நேரத்தை இரண்டு விதமாக எழுதினேன். ஒன்றில் அக்கா உடனே முடிச்சை அவிழ்த்தாள். இன்னொன்றில், எல்லாம் அடங்கும்வரை அவள்

இரண்டையும் கிழித்துவிட்டேன். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். பையை மடியில் வாங்கிக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரம் எழுந்து போகாமல் இருங்கள்.