கிணற்றடிக் கொடி

சொட்டிக்கொண்டே இருக்கிறது, மேகமே இல்லாத வானத்தின் கீழே பந்தல் முழுக்க, நேற்று நான் கத்தரியால் கவாத்து வெட்டிய ஒவ்வொரு கொடி நுனியிலிருந்தும், தலை நனைய நின்று ஐயோ கொன்றுபோட்டேனே என்கிறேன், முதுகுளத்தூர்க் காட்டில் மிளகாயும் கருவேலமும் பார்த்து வளர்ந்தவளுக்குத் திராட்சையைப் பற்றி என்ன தெரியும், கம்பம் பள்ளத்தாக்குக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அன்று இரண்டு பக்கமும் மலையைப் பார்த்தே வாயடைத்துப்போனவள், என் வீட்டுக்காரர் பந்தலிலிருந்து விழுந்து கால் முறிந்து தேனி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், பருவம் தப்பினால் காய்ப்பு போச்சே என்று நானே ஏறி வெட்டினேன், இப்போது பழைய சேலைகளைக் கிழித்து, விரலில் வெட்டுப்பட்டால் கட்டுவதுபோல, நுனிக்கு நுனி கட்டுகிறேன், பொழுது சாயும்வரை கட்டினேன்.

மறுநாள் தேனியில், ஏங்க, கொடியெல்லாம் செத்துப்போச்சுங்க என்று அவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுகிறேன், அவரோ மாவுக்கட்டுக் கால் குலுங்கச் சிரிக்கிறார், அடி கிறுக்கி, கொடி அழுதா உசுரோட இருக்குன்னு அர்த்தம்டி, வேரு தண்ணிய மேல தள்ளுது, அழாமக் கெடந்தாத்தான் பயப்படணும், சொன்னவர் சட்டென்று சிரிப்பை நிறுத்தினார், கெணத்தடிக் கொடி அழுதுச்சா? அவர் அப்பா நட்டது அது, கிறிஸ்துமஸ் பூசைக்குத் திராட்சை ரசம் போட முதல் கூடை அதிலிருந்துதான் கோயிலுக்குப் போகும், இரண்டு வருசமாக நோஞ்சானாகக் கிடக்கிறது, தெரியலைங்க, எல்லாத்தையும் சேத்துக் கட்டிப்புட்டேன் என்றேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

உத்தமபாளையம் தாண்டியும் பஸ் ஊர்ந்துகொண்டேதான் இருந்தது, தோட்டத்துக்குள் ஓடுகிறேன், தொட்டுப் பார்க்கிற துணியெல்லாம் ஈரம், பக்கத்துத் தோட்டத்து ஞானசவுந்தரி மதினி வரப்பில் நின்று, ஏத்தா, சேலை காயப்போட ஊருக்குள்ள கொடியா இல்ல என்று கேலி பேசுகிறாள், நான் கிணற்றடிக்குப் போகிறேன், அந்தக் கொடியின் துணி மட்டும் காய்ந்து மொடமொடவென்றிருந்தது. மாதாவே என்று முடிச்சை அவிழ்க்கிறேன், வெட்டுவாய் வெளுத்துக் கிடக்கிறது, நெடுநேரம் ஒன்றுமே இல்லை, மதினியும் கேலியை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நிற்கிறாள், பிறகு எங்கிருந்தோ, எந்த ஆழத்திலிருந்தோ, ஊசிமுனை அளவுக்கு ஒரு மினுக்கம், அது பருக்கிறது, விழாமல் தொங்குகிறது, உள்ளே மலையும் வானமும் தலைகீழாக, நான் மூச்சு விடாமல் வாயைத் திறந்து அதன் கீழே நிற்கிறேன், விழுந்தது, இனிப்பே இல்லை, வெறும் தண்ணீர், சில்லென்ற தண்ணீர், மதினி, இதுவும் அழுவுது மதினி, என்று நான் கத்த, அடுத்த சொட்டு ஊறத் தொடங்கியது.