பன்னிரண்டாவது வெடி

பாறைமேட்டுக் குவாரியில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறாம் வருஷம், மாசி மாசத்து உச்சிவேளையில் கண்ணப்பன் திரி கொளுத்திய பன்னிரண்டு வெடிகளில் பதினொன்று அப்போதே வெடித்தன; பன்னிரண்டாவது வெடிக்க இருபத்து மூன்று வருஷம் ஆனது. நடுவில் அது அவன் மகள் லீலாவின் உடம்புக்குள் இருந்தது. ஒரகடத்துப் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான் இது. நம்பாதவர்கள் அந்த ஊர்க்காரர் யாரையாவது கேட்டுப் பார்க்கலாம். பதில் கொஞ்சம் உரக்க வரும். வெடிச் சத்தத்தில் பாதிக் காது போன ஊர் அது.

தப்பு கண்ணப்பனுடையது இல்லை, அவன் பெண்சாதி பாஞ்சாலியுடையது. குவாரியில் அவளுக்குச் சிவப்புக் கொடி வேலை. திரி கொளுத்துமுன் மேட்டில் நின்று கொடியை ஆட்டி, "வெடி வெக்கிறாங்கோ, அந்தாண்ட போங்கோ!" என்று மூன்று தரம் கத்த வேண்டும். பிறகு வெடிகளை எண்ண வேண்டும். ஒன்று குறைந்தாலும் அன்றைக்கு ஒருத்தரும் பள்ளத்தில் இறங்கக் கூடாது. மறுநாள் காலையில், எண்ணினவர்தான் முதலில் இறங்கிப் பார்க்க வேண்டும். முனீஸ்வரன் முன்னால் கற்பூரம் அடித்து ஊரே ஒத்துக்கொண்ட கட்டுப்பாடு. காதை நம்ப முடியாத ஊரில் யாரும் காதால் எண்ணுவதில்லை, அடிவயிற்றில் அதிர்வை வாங்கித்தான் எண்ணுவார்கள். அன்றைக்குப் பாஞ்சாலிக்கு ஏழு மாசம். பதினொன்று முடிந்ததும் உள்ளே பிள்ளை விட்டது பாருங்கள் ஒரு உதை! அதையும் சேர்த்து அவள் "பன்னெண்டு" என்று கத்திவிட்டாள்.

ஆட்கள் இறங்கினார்கள். பன்னிரண்டாவது துளையைப் பார்த்த மேஸ்திரி மண்ணாங்கட்டிக்கு வேர்த்துக் கொட்டியது. பாறை பிளக்கவில்லை. துளையில் மருந்தும் இல்லை, திரியும் இல்லை. கழுவிக் கவிழ்த்த சட்டி மாதிரி சுத்தமாக இருந்தது.

"இன்னாடி எண்ணின நீ?" என்றார் மேஸ்திரி.

பாஞ்சாலி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே 'உஸ்' என்று ஏதோ எரிகிற சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது. கொடியைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்தவள், அப்புறம் அந்த வேலைக்கே போகவில்லை.

சித்திரையில் லீலா பிறந்தாள். அழவில்லை. மேலெல்லாம் வெடிமருந்து வாடை. மருத்துவச்சி கனகம் மூன்று முறை தேய்த்துக் குளிப்பாட்டியும் போகவில்லை. மூன்றாம் மாசம் எறும்பு கடித்துப் பிள்ளை ஒருதரம் வீறிட்டது; அந்த நிமிஷம் குவாரியில் இரண்டு லாரிக் கல் தானாகச் சரிந்தது. காண்டிராக்டர் ஓடிவந்து, பிள்ளையைத் தினம் ஒருதரம் கிள்ளினால் வெடிமருந்துச் செலவு மிச்சமாகுமே என்று கேட்டார். பாஞ்சாலி அவரைத் துடைப்பத்தோடு தெருமுனை வரை துரத்தினாள். அது சந்தோஷமான நாள், ஊரே சிரித்தது. அப்புறம் சிரிப்பு குறைந்துபோனது. சத்தமாக அழுதால் மகள் போய்விடுவாள் என்று பாஞ்சாலிக்குப் புரிந்துவிட்டது. பசிக்கும் முன்னே பால் கொடுத்தாள். விழும் முன்னே பிடித்தாள். ஊரே கத்திப் பேசும்போது லீலா மட்டும் கிசுகிசுத்துப் பேசி வளர்ந்தாள். வாத்தியார் அவளை வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லவில்லை. அடுப்போரம் அவளை யாரும் உட்கார விடவில்லை. தினம் காலையில் பாஞ்சாலி மகள் முதுகில் காதை வைத்துக் கேட்பாள். 'உஸ்' சத்தம் முதலில் இடுப்பில் இருந்தது. வயசுக்கு வந்தபோது விலாவுக்கு ஏறியிருந்தது.

எழுபத்து நாலில் பள்ளத்தில் ஊற்று கிளம்பி, குவாரி முழுகியது. கல் உடைத்தவர்கள் தண்டலம் பக்கம் சாலை வேலைக்கும் லாரிக்கும் போனார்கள். வெடி நின்ற பிறகும் உச்சிவேளையில் ஊர் சோற்றுக் கையோடு அப்படியே நிற்கும். மிச்சம் ஒன்று இருக்கிறதே, அதற்காக.

ஜல்லி லாரி ஓட்டிய தசரதன் லீலாவைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்தான். "எனுக்கு ஒரு காது ஏற்கெனவே அவுட்டு. மிச்சம் கீறது ஒண்ணுதானே, போனா போவுது," என்றான். கல்யாணத்துக்கு மேளம் வைக்கவில்லை. ஜனங்கள் இருநூறு அடி தள்ளி நின்று அட்சதை தூவினார்கள், ஒன்றும் வந்து சேரவில்லை. ஆனாலும் இருவரும் நன்றாகத்தான் வாழ்ந்தார்கள்.

எழுபத்தொன்பது மாசியில் லீலாவுக்கு வலி கண்டது. 'உஸ்' சத்தம் அப்போது தொண்டைக்கு வந்துவிட்டிருந்தது. ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று தசரதன் லாரியைக் கொண்டுவந்தான். "அங்க புள்ள பெத்தவளுங்க வரிசையா படுத்துகினு கீறாளுங்கடா," என்று பாஞ்சாலி மறுத்துவிட்டாள். பெட்டியைத் திறந்து கொடியை எடுத்தாள். மேட்டில் ஏறி மூன்று தரம் கத்தினாள். ஆடு மாடு, கிழடு கட்டை எல்லாம் ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தன. கண்ணப்பன் மட்டும் வாசலை விட்டு நகரவில்லை.

"நானும் வரேன்டி. கொளுத்தினவன் நான்தானே?"

"நீ அந்தாண்ட போய்யா. எண்ணினவ நானு. இருவத்து மூணு வருசத்துக்கு மின்னாடியே எறங்கிப் பாத்திருக்கணும்." கதவைச் சாத்திக்கொண்டாள். அப்புறம்தான் அவனும் கரைக்குப் போனான்.

உச்சிவேளையில் அது வெடித்தது. கரையில் இருந்தவர்களுக்கு அடிவயிறு அதிர்ந்தது. "பன்னெண்டு," என்றான் கண்ணப்பன், வாய் கோணி. எண்ணிக்கை சரியாகிவிட்டதால், கட்டுப்பாட்டின்படி உடனே இறங்கலாம். போனார்கள். வீட்டில் ஒரு ஓடு நகரவில்லை, பானைத் தண்ணீர் சிந்தவில்லை. லீலா படுத்திருந்தாள், பக்கத்தில் பெண்குழந்தை, பால் வாடையைத் தவிர வேறு வாடை இல்லை. கால்மாட்டில் பாஞ்சாலி உட்கார்ந்திருந்த இடம் கழுவிக் கவிழ்த்த சட்டி மாதிரி சுத்தமாக இருந்தது. மடித்த கொடி மட்டும் கிடந்தது. யாரும் தேடவில்லை. இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தத் துளையில் தேடினதே போதும் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார்.

லீலா அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, பிறந்ததிலிருந்து முதல்முறையாக, வாயை முழுசாகத் திறந்தாள்.

"யம்மா!"

கூட்டுரோட்டில் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. ஊரில் ஒருத்தரும் ஓடவில்லை. அவள் கத்தி முடிக்கிற வரைக்கும் எல்லாரும் பக்கத்திலேயே நின்றார்கள்.