முன்பக்கம் அடித்த அனல்

சகலை இழுவை வண்டியோடு சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தார். சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஏன் கொதிக்கிறது என்று அதற்குள் கண்டுபிடிக்காவிட்டால், அது அவருடைய பட்டறையில் உதிரிபாகமாகிவிடும். போன வாரம் நடுரோட்டில் ஆவி கக்கி நின்றபோது மனைவி வைத்த கெடு அது. கணக்கரும் தலையாட்டித் தொலைத்துவிட்டார்.

துணிக்கடையில் ஊரார் கணக்கை எழுதியே தேய்ந்த கை அவருடையது. ஓடாமல் கிடந்த அந்த இரண்டு இருக்கை வண்டியை அதே கைதான் ஓட வைத்திருந்தது. இப்போது அந்தக் கையையே அவர் நம்பவில்லை.

சூடானால் குளிர்நீருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் போட்டுப் பார்த்தார், ஒழுங்காகத் திறந்தது. ரேடியேட்டரைக் கழுவினார். மூடியை மாற்றினார். கூலன்ட் ஊற்றி, உள்ளே சிக்கிய காற்றையெல்லாம் வெளியேற்றினார். வேகமாகப் போனால் சூடு காட்டும் முள் சமர்த்தாக நடுவில் நிற்கும். சிக்னலில் நின்றால் போதும், சிவப்புக் கோட்டுக்குத் தாவிவிடும். விசிறியும் சுற்றத்தான் செய்தது.

"ஹெட் கேஸ்கெட் போயிருக்கும் சகல. என்ஜினையே பிரிக்கணும். உங்களுக்கு எதுக்கு இந்தத் தலைவலி?" என்று போனில் சொல்லியிருந்தார் சகலை.

கடைசியாக ஒருமுறை வண்டியை வாசலில் ஓடவிட்டு, முள்ளை முறைத்துக்கொண்டு உட்கார்ந்தார் கணக்கர். விசிறி இரைந்தது. மனைவி வந்து, வண்டியின் மூக்குக்கு நேரே இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"மாமா கிளம்பிட்டாராம். அக்கா சொன்னா."

"அஞ்சு நிமிஷம்மா."

"உங்க அஞ்சு நிமிஷம் எனக்குத் தெரியாதா? ச்சே, என்னங்க இது, காலெல்லாம் அனல் அடிக்குது!"

"என்ஜின் சூடு, அப்படித்தான் இருக்கும்."

"சூடு இல்லைங்க, காத்து! துணியே பறக்குது பாருங்க."

கணக்கர் விழுந்தடித்து இறங்கினார். ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் விசிறி வெளிக்காற்றை உள்ளே இழுக்க வேண்டும். சட்டைப் பையிலிருந்த பேருந்துச் சீட்டை முன்பக்கக் கம்பிவலையில் வைத்தார். ஒட்டிக்கொள்ள வேண்டிய சீட்டு பறந்துபோய் அவள் காலடியில் விழுந்தது.

உடைந்த விசிறி பிளக்கை மாற்றியது அவரேதான். எண்ணெய்ப் பிசுக்கில் இரண்டு ஒயரும் ஒரே கறுப்பாக இருந்தன. விசிறி தலைகீழாகச் சுற்றி, என்ஜின் சூட்டையே ரேடியேட்டர் மேல் ஊதிக்கொண்டிருந்திருக்கிறது.

"நான்தான் ஒயரை மாத்தி சொருகிட்டேன்" என்றார்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். வாய்வரை வந்த ஏதோ ஒன்றை விழுங்கினாள்.

"சட்டையைத் திருப்பிப் போட்டுட்டு வேலைக்குப் போன ஆளுதானே நீங்க? சரி, டார்ச் நான் புடிக்கறேன். சீக்கிரம்."

என்ஜினை நிறுத்தி, ஒயரை மாற்றிச் செருகினார். மறுபடி கிளப்பி, விசிறி சுற்றியதும் சீட்டை வைத்தார். பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டது.

சகலை வந்து இறங்கி, சீட்டைப் பிய்த்துப் பார்த்துவிட்டு மறுபடி ஒட்டவைத்தார். "அட! ஆனா வாசல்ல நிக்கறதெல்லாம் கணக்கில்ல. கடைத்தெரு நெரிசல்ல நிக்கட்டும், நம்பறேன்" என்றார்.

மனைவி கதவைத் திறந்து பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டாள். நெரிசலைத் தேடி இருவரும் போனார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று இழுவை வண்டியும் பின்னாலேயே வந்தது.

நீளமான சிக்னல். முள் ஏறியது, விசிறி கிளம்பியது, முள் மெல்லத் தணிந்தது. கணக்கர் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி இருந்தார். பச்சை விழுந்தும் கிளம்பவில்லை. பின்னால் சகலையின் ஹாரன் அலறியது.

"போங்க, மாமா கத்தறார்" என்றாள். கொஞ்ச தூரம் போனதும் தானே கேட்டாள்: "இன்னொரு சிக்னல்ல நின்னு பாக்கலாமா?"